வெள்ளை மூடி

பிப்ரவரி 6

என் அன்பு அக்காவுக்கு,

பொடியன் எழுதுவது. நான் இங்கே நலம். தலைமுடிதான் நலமில்லை, தினம் சீப்போடு போகிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "நல்லா இருக்கோம், வை" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதம் போட்டால் மட்டும் நாலு பக்கத்துக்குத் திட்டுகிறாய். திட்டு வாங்க ஆசைப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் பண்ணைக்கு முட்டை ஏற்ற வரும் வண்டியில் இரண்டு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஐஸ் உருகுவதற்குள் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடு. மேலே ஃப்ரீசரில் வைத்துத் தொலைக்காதே, உறைந்தால் மருந்து பாழ். ஒரு பெட்டியில் சிவப்பு மூடி போட்ட பாட்டில்கள், இன்னொன்றில் வெள்ளை மூடி. சிவப்பு உன் முதல் கொட்டகைக்கு, வெள்ளை இரண்டாம் கொட்டகைக்கு. ஒன்றில் இருப்பது இத்தனை வருஷமாக நான் உயிரைக் கொடுத்துச் செய்த தடுப்பூசி. மற்றதில் வெறும் எண்ணெயும் தண்ணீரும். பார்க்க இரண்டும் பால் மாதிரிதான் இருக்கும். எது எதில் என்று உனக்குத் தெரியக் கூடாது. எனக்கும் தெரியாது, சத்தியமாக. எங்கள் குழுத் தலைவர், கண்ணாடிக்காரர் என்று சொல்வேனே, அவர்தான் மூடி போட்டு, குறிப்பைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் கணக்கும் சாய்ந்துவிடும்.

மழை தொடங்கினால் உங்கள் பக்கம் கோழி காலரா வராத வருஷமே இல்லை. போன மழையில் செத்த உன் கோழியின் ஈரலில் இருந்துதான் அந்தக் கிருமியை எடுத்தேன். ரத்தம் கலந்த தட்டில் வளர்த்து, பிறகு அதைக் கொன்று, இந்த ஊசிமருந்தைச் செய்தேன். உன் கோழிகளைக் கொன்றதை வைத்தே உன் கோழிகளைக் காப்பாற்றிக் காட்டுகிறேன், பார்.

ஒரே ஒரு நிபந்தனை. நோய் வந்தால், கிருமியைக் கொல்லும் அந்தக் கடை மருந்தை நான் சொல்லும்வரை குடிதண்ணீரில் கலக்காதே. கலந்தால் இரண்டு கொட்டகையும் தேறிவிடும். ஊசி காப்பாற்றியதா மருந்து காப்பாற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சரி என்று ஒரு வரி எழுது.

உன்
பொடியன்


பிப்ரவரி 19

அன்புள்ள பொடியனுக்கு,

தலை நரைத்தாலும் கொட்டினாலும் நீ எனக்குப் பொடியன்தான். மொட்டையாகிவிட்டால் இன்னும் நல்லது, அம்மா போன அன்று என் இடுப்பில் இருந்த மாதிரியே இருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பிடாமல் தட்டில் கிருமிக்கு மட்டும் ரத்தம் ஊற்றிக்கொண்டிருந்தால் முடி எங்கே நிற்கும்?

பெட்டி வந்தது. காய்கறியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு உன் பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்தேன். உன் அத்தான் வந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்ல எனக்குத்தான் எடமில்லன்னு நெனச்சேன், வெண்டைக்காய்க்கும் இல்லையா?" என்றார். உன்னைக் கேலி செய்யாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றவரும் அவர்தான்.

ஊசி போட்டு முடித்துவிட்டோம். நான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்கள் பிடித்துக் கொடுக்க, அத்தான் காலையும் சிறகையும் சேர்த்துப் பிடிக்க, நான் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி ஊசி போட்டேன். ஒவ்வொன்றையும் இறக்கிவிடும்போது, "போடி, இனி உனக்கு ஒண்ணும் வராது" என்றேன். நீ ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தபோதெல்லாம் உன்னிடம் சொன்னதுதான், வாய்க்குப் பழகிவிட்டது. அத்தான் சிரித்தார். "தனித்தனியா சொல்லி எப்ப முடிக்கிறது? மைக் வாங்கித் தரேன், மொத்தமா சொல்லிடு" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு கொட்டகையிலும் எல்லாவற்றிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். இப்போது கையைத் தூக்க முடியவில்லை.

நிபந்தனைக்குச் சரி. அத்தானுக்கு மட்டும் அரைமனசு. "சீக்கு வந்தா மருந்து குடுக்காம எப்படிப் பாத்துட்டு இருக்கிறது?" என்று கேட்டார். தம்பி கேட்கிறான் என்றேன். ஊசிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் அக்கா


ஜூன் 27

தம்பிக்கு,

வந்துவிட்டது. மழை பிடித்து நாலைந்து நாள்தான் ஆகிறது. இன்று காலை இரண்டாம் கொட்டகையில் கதவோரம் ஒன்று மல்லாந்து கிடந்தது. நேற்று சாயங்காலம் தீவனத்துக்கு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். வாயில் கோழை, கொண்டை கத்தரிப்பூ நிறம். மத்தியானத்துக்குள் இன்னும் கொஞ்சம் போய்விட்டன. முதல் கொட்டகையில் ஒன்றும் இல்லை.

செத்ததில் இரண்டை ஐஸில் வைத்து இதே வண்டியில் அனுப்புகிறேன். உன் அத்தான் மருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார். உடனே பதில் போடு.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய இரண்டையும் வந்த அன்றே அறுத்துப் பார்த்தேன். அதே கிருமிதான். தட்டில் வளர்ந்துவிட்டது.

தயவுசெய்து பொறு. செத்ததைக் கொட்டகை வாரியாக எழுதி வை. டப்பாவை எடுத்து உள்ளே வைக்கச் சொல். அத்தானிடம் நான் காலைப் பிடித்துக் கேட்டதாகச் சொல்.

பொடியன்


ஜூலை 1

தம்பி,

போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால் வண்டிக்காரரை நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன்.

கண்கொண்டு பார்க்க முடியவில்லை. தாடி வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு சுவரோரம் நிற்கின்றன. நான் உள்ளே போனால் என் பக்கம் தலையைத் திருப்புகின்றன. நோயில் தலை திரும்பும், வேறொன்றும் இல்லை என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் திருப்புகின்றன.

உன் அத்தான் காலையில் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகைத் துடைத்து, திரும்ப உமியில் உட்கார வைக்கிறார். "இதுல என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "வேற எதுக்கும்தான் தடை போட்டுட்டான். தொடைக்கிறதுக்கு இல்லையே" என்றார்.

ஒன்றே ஒன்று சொல். வெள்ளை மூடியில் இருந்தது மருந்தா, வெறும் எண்ணெயா? உன் மருந்தைப் போட்டும் சாகிறது என்றால் விதி என்று இருந்துவிடுவேன். எண்ணெயைப் போட்டுவிட்டுச் சாகவிடுகிறேன் என்றால் அதை நான் எப்படித் தாங்குவது? இந்தக் கையால்தானே போட்டேன்?

அக்கா


ஜூலை 3

அக்கா,

போன் அடிக்கும்போது பக்கத்தில்தான் இருந்தேன். எடுக்கப் பயம். உன் குரலைக் கேட்டால் கலந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

எனக்குத் தெரியாது, அக்கா. உனக்கு ஆறுதலாக எதையாவது சொல்லிவைக்கக்கூட எனக்கு வழியில்லை. செத்துக்கொண்டிருப்பது என் மருந்து போட்ட கொட்டகையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் என் இத்தனை வருஷமும் அந்தக் கொட்டகையோடு போகிறது. நேற்று கண்ணாடிக்காரரின் அறை வாசலில் போய் நின்றேன். அலமாரி திறந்துதான் இருந்தது. அவரும் இல்லை. குறிப்பைத் தொடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இந்த ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள். உன் ஒரு கொட்டகை போனால், ஒவ்வொரு மழைக்கும் அழிகிற அத்தனை பண்ணைக் கோழியும் இனிமேல் பிழைக்கும். எனக்காகச் செய். இதுவரை நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

பொடியன்


ஜூலை 9

தம்பிக்கு,

கலக்கவில்லை. இரண்டாம் கொட்டகையில் அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது. முதல் கொட்டகையில் செத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணக்குத் தாளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பம்பு செட்டுக்குப் பின்னால் குழி வெட்டினோம். சுண்ணாம்பு போட்டு மூடினோம். ஆட்கள் போனபிறகும் அத்தான் அங்கேயே நின்றார். மழையில் நனைகிறீர்களே என்றேன். குழியின் ஓரத்து மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தார்.

அக்கா


ஜூலை 22

என் தங்கமான அக்காவுக்கு,

தலைகால் புரியவில்லை! இன்று அலமாரியைத் திறந்தார்கள். செத்தது எல்லாம் வெள்ளை மூடி, அக்கா! வெள்ளையில் வெறும் எண்ணெய்! சிவப்புதான் என் மருந்து. உன் முதல் கொட்டகையை என் மருந்து காப்பாற்றியிருக்கிறது. கண்ணாடிக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனுஷர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இவ்வளவு தெளிவாக வித்தியாசம் தெரிந்த கணக்கை அவர் பார்த்ததே இல்லையாம். யார் அந்தப் பண்ணைக்காரி, சொன்ன சொல் தவறாமல் இருந்திருக்கிறாளே என்று கேட்டார். என் அக்கா என்றேன். அழுதுவிட்டேன்.

அத்தானிடம் சொல். மைக் வாங்கித் தரச் சொல், ஊரெல்லாம் கேட்கச் சொல்லலாம்!

உன்
பொடியன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான் போடும் மூன்றாவது கடிதம். வண்டிக்காரரைக் கேட்டால், "குடுத்துட்டேன் சார், வாங்கிக்கிட்டாங்க" என்கிறார். உடனே முட்டைத் தட்டுகளை இறக்கப் போய்விடுகிறார். உடம்புக்கு ஏதாவதா? என்மேல் கோபமா? கோபம் என்றால் நாலு பக்கம் திட்டி எழுதேன். இப்படிப் பேசாமல் இருப்பது உனக்குத் தெரியாத வித்தையாயிற்றே.

பொடியன்


செப்டம்பர் 14

தம்பிக்கு,

எழுதக் கூடாது என்று இல்லை. எழுத உட்கார்ந்தால் உன் ஜூலைக் கடிதத்தில் இருக்கும் ஒரு வரிதான் வந்து நிற்கிறது. செத்தது எல்லாம் வெள்ளை மூடி. அதை நீ சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போடக் கூடாது என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஒரு கொட்டகை நிறைய நான் பொய் சொல்லியிருக்கிறேன், தம்பி. ஒவ்வொன்றின் கழுத்தையும் பிடித்துக்கொண்டு தனித்தனியாகச் சொன்னேன். அத்தான் கேலி செய்த மாதிரி மொத்தமாகச் சொல்லியிருந்தால்கூட மனசு இப்படி அறுக்காது.

இரண்டாம் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூட்டிவிட்டோம். முட்டைக் கோழிக்குச் சாயங்காலம் விளக்கு வேண்டும் என்று நேரம் வைத்துத் தானாக எரிகிற மாதிரி செய்திருந்தோமே, அதை நிறுத்த மறந்துவிட்டது. முதல் நாள் காலிக் கொட்டகையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். மறுநாள் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அன்று சாயங்காலமும் எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் உன் அத்தான். ஒயரைச் சொருகி விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு தட்டில் மட்டும் தீவனம் கொட்டிவிட்டு நிற்கிறார். "சத்தம் போடுதுங்க. உனக்குக் கேக்கலையா?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாதே. கேட்கிறது. தீவன வாளி, தட்டுகள் தொங்கும் சங்கிலியில் இடித்தால், ஒரு கொட்டகைக் கோழி மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பி ஓடிவருகிற சத்தம் இருக்கிறதே, அது. உமி பறக்கிற வாடைகூட வருகிறது. முதல் கொட்டகையில் இருந்து வருகிறதாக்கும் என்று அங்கே போய் நின்று பார்த்தேன். அவை படுத்துவிட்டிருந்தன.

அவர் இப்போது பேசுவதே இல்லை. கேலி இல்லாத சாப்பாடு எனக்குத்தான் இறங்கவில்லை. வெளியே ஆள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். தூங்குகிறார். எழுந்ததும் வாளியை எடுக்கிறார்.

உன் மருந்து நல்ல மருந்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அக்கா


நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பல முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது அதில் கோழி இருந்ததே எனக்குத் தெரியவில்லை, அக்கா. எண்தான் தெரிந்தது. மன்னித்துவிடு.

இப்போது கேட்கப் போவதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மழைக்காலக் கணக்கு போதாதாம். இன்னொரு மழைக்கும் இதே மாதிரி செய்து காட்டினால்தான் மருந்தை எல்லோருக்கும் கொடுக்க அனுமதி தருவார்களாம். வேறு பண்ணைகளில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் கோழி சரிந்தால் திருட்டுத்தனமாக மருந்து கலந்துவிட்டு, கலக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். நம்ப முடிகிற கை எனக்கு உன்னுடையது ஒன்றுதான்.

முடியாது என்றால் சொல்லிவிடு. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

பொடியன்


நவம்பர் 21

தம்பிக்கு,

முடியாது என்று எழுதிக் கவரில் போட்டுவிட்டேன். அத்தான் என் கையில் இருந்து வாங்கிப் படித்தார். உன் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு, மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாத மனுஷர், "தம்பி கேக்குறான். செய்" என்றார். உன்னை அவர் எப்படி நினைத்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

இரண்டு கொட்டகையிலும் புதுக் கோழி இறக்கியதும் சொல்கிறேன், பெட்டியை அனுப்பு. ஊசியை ஆட்கள் போடட்டும். நான் முக்காலியில் உட்காரப் போவதில்லை.

அக்கா


ஜூலை 4

அன்புத் தம்பிக்கு,

இதை நீ உட்கார்ந்து படி.

நேற்று சாயங்காலம் நோய் வந்தது. இந்த முறை முதல் கொட்டகையில். ஒன்று செத்தது, பத்துப் பதினைந்து சுருண்டு உட்கார்ந்துவிட்டன. உனக்கு எழுதுவதற்காகத் தாளைத் தேடி வீட்டுக்குள் வந்தேன். திரும்பிப் போனபோது அத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மருந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடியைத் திறக்கவில்லை. அப்படியே நின்றார். நான் வருவதைப் பார்த்ததும், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி டப்பாவை என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போய் உள்ள வச்சிடு. எங்கிட்ட இருந்தா கலந்துடுவேன். தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கோம்" என்றார்.

வாங்கினேன். திறந்தேன். முதல் கொட்டகைத் தொட்டியில் பாதி, இரண்டாம் கொட்டகைத் தொட்டியில் பாதி கொட்டிவிட்டு, கட்டையால் நானே கலக்கினேன்.

யாரும் என்னைத் தள்ளவில்லை. தெரியாமலும் செய்யவில்லை. கலக்கினால் உன் கணக்கு போய்விடும், அனுமதி போய்விடும், இத்தனை வருஷமும் போய்விடும் என்று கலக்கும்போதே எனக்குத் தெரியும். மற்றவர்கள் மாதிரி கலந்துவிட்டு, கலக்கவில்லை என்று எழுதவும் எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கணக்குத் தாளிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

எத்தனையோ பண்ணைக் கோழிகள் பிழைக்கும் என்று நீ எழுதினாய். பிழைக்கும்தான், நான் மறுக்கவில்லை. அவற்றை நான் பார்த்ததில்லை, தம்பி. இவற்றைப் பார்த்தேன். இவரையும் பார்த்தேன்.

இன்று காலை சுருண்டு கிடந்தவற்றில் பாதி எழுந்து தண்ணீர் குடித்தன. அத்தான் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு, குழந்தை மாதிரி. பிறகு தட்டைப் போடச் சொல்லிச் சாப்பிட்டார். சாயங்காலம் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். உயிரோடு இருக்கிறவற்றின் சத்தம்தான் கேட்டது. அதற்குப் பின்னால் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஒனக்கும் இவ்ளோ நாளாக் கேட்டுச்சு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

உன்னை வளர்த்த கையால் உன் வேலையைக் கெடுத்துவிட்டேன். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் எழுது. கோபம் இல்லையென்றால் எழுதிக்கொண்டிருக்காதே, நேராக வண்டி ஏறி வா.

உன் அக்கா


ஜூலை 18

அக்கா,

எழுதுகிறேன். அதிலேயே உனக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

கோபம்தான். உன் கடிதத்தைப் படித்த அன்று அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு பெருக்க வந்தவரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். ஆய்வை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒங்க அக்கா பொய் சொல்லல, அது போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் பணம் கிடைத்தால் வேறு ஒருவரை வைத்துத் தொடங்குவார்களாம். அலமாரிக் குறிப்பை வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றார். இந்த முறை உன் முதல் கொட்டகைக்குப் போனது என் மருந்தா, எண்ணெயா என்று நான் பார்க்கவில்லை. என் மருந்து போட்டும் சுருண்டது என்றால், என் தோல்வி வெளியே தெரியாமல் செய்ததற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எண்ணெய் என்றால், கைக்கு வந்ததைக் கெடுத்ததற்கு உன்னை மன்னிக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்கு இப்போது தெம்பு இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். மழை அடித்துக்கொண்டிருக்கிறது. பண்ணைக்காரர்கள் எழுதுகிறார்கள். மருந்து எப்போது வரும் என்று கேட்கிறார்கள். செத்த கோழிகளை ஐஸில் வைத்து அனுப்புகிறார்கள். மேஜைமேல் வரிசையாக இருக்கின்றன. இந்த வருஷம் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். நீ பார்த்ததில்லை என்றாயே, அவற்றை நான் பார்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு குளிர் அறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கதவின் இரும்புக் கம்பி எதிலோ இடித்தது. உடனே ஒரு கொட்டகைக் கோழி மொத்தமும் ஓடிவருகிற சத்தம் கேட்டது. இந்தக் கட்டடத்தில் உயிரோடு ஒரு கோழிகூடக் கிடையாது, அக்கா. எழுந்து எல்லா அறையையும் திறந்து பார்த்தேன். இன்றும் அதே நேரத்துக்குக் கேட்டது. அங்கே உங்களுக்கு நின்றுபோன சத்தம் இங்கே வந்துவிட்டது. இவை உன் வெள்ளை மூடிக் கோழிகளா, இனிமேல் சாகப் போகிறவையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை வண்டிக்காரரிடம் கொடுக்கப் போவதில்லை. காலையில் அவர் பக்கத்தில் நானே உட்கார்ந்து வந்து, உன் கையில் கொடுக்கிறேன். கோபம் தீரவில்லை. தீரட்டும் என்று காத்திருந்தால் எப்போது வருவது? அதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நான் எதிரில் நிற்கும்போதே படி. படித்து முடித்தபிறகு நீ திட்டு, நானும் திட்டுகிறேன். அதன்பிறகு சாயங்காலம் ஆனதும் என்னை அத்தானோடு கொஞ்ச நேரம் விட்டுவிடு. இந்தச் சத்தத்தோடு ஒரு வருஷம் எப்படி இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

உன் தம்பி